இல்லத்தில் கருமருந்துக் காப்பு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை அமைந்துள்ளது. 1741ஆம் ஆண்டு குளச்சற் போரில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்ம மன்னர், அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்பவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டு, இக்கோட்டையைத் திருத்திக் கட்டுவித்தார். பீரங்கி வார்க்கும் உலையும் இங்கு இருந்தது. 1777ஆம் ஆண்டு இறந்த டிலனாயின் கல்லறையை இன்றும் கோட்டையினுள் காணலாம். அந்நாளில் வெடிமருந்து என்பது மன்னரின் பொருள். கோட்டை மதிலுக்குள், காவலர் கண்காணிப்பில், குடிமக்கள் வாழுமிடத்திற்கு அப்பால் அதனை வைப்பதே முறையாகக் கருதப்பட்டது.

இம்முறை தவறியபோது நேர்வது யாது என்பதற்கு ஐரோப்பிய வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில், பழைய கன்னிமடம் ஒன்றில் பல டன் கருமருந்தைச் சேர்த்து வைத்திருந்தனர். 1654ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அஃது வெடித்தது. நகரின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. புகழ்பெற்ற ஓவியர் காரல் ஃபாப்ரீசியஸ் உள்ளிட்ட பலர் மாண்டனர். மருந்து எங்கே இருக்க வேண்டும் என்னும் கேள்வியின் விடையை உலகம் இத்தகைய இழப்புகளாலேயே கற்றது.

இக்காலத்தில் கோட்டைகள் காட்சிப் பொருள்களாகிவிட்டன. ஆயினும் கருமருந்து நம்மிடையே இல்லாமற் போகவில்லை. மலையோரச் சிற்றூர்களில் பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர் இல்லங்களிலும், கோயில்களில் வெடி வழிபாடு நடத்துவோரின் கொட்டில்களிலும் அது சிறு அளவில் வாழ்கின்றது. குடகு நாட்டில் கொடவர் இனத்தார்க்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுவதில்லை என்ற பழைய விலக்கு, 2019ஆம் ஆண்டில் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கேரளத்தில் விளைநிலங்களை அழிக்கும் காட்டுப் பன்றிகளைக் கொல்ல ஆணையிடும் அதிகாரம் 2022ஆம் ஆண்டில் ஊராட்சி முதலிய உள்ளாட்சி மன்றங்களின் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. இதனால், உரிமம் பெற்ற துப்பாக்கியாளரைச் சிற்றூர் மக்கள் நாடும் நிலை பெருகியுள்ளது. ஆகவே, ஊர்ப்புறங்களில் பணியாற்றும் அலுவலர்களும் ஆசிரியர்களும் இப்பொருளின் இயல்பையும் காப்பு முறைகளையும் அறிந்திருத்தல் நலம்.

மருந்தின் இயல்பு

கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு இதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. எஞ்சியவை மரக்கரியும் கந்தகமும் ஆகும். கரியும் கந்தகமும் எரிபொருள்கள். வெடியுப்போ எரிவதற்கு வேண்டிய ஆக்சிசனைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பொருள். இம்மூன்றையும் தனித்தனியே நோக்கின் பெரும் அச்சத்திற்கு இடமில்லை. நெருங்கக் கலந்த நிலையிலோ ஒரு பொறியே போதுமானது.

விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் சிறிது நேரத்தில் சுடர் அணைவதை மாணவர் அறிவர். கருமருந்து இவ்விதிக்குக் கட்டுப்படாது. அதற்கு வேண்டிய ஆக்சிசன் அதனுள்ளேயே உள்ளது. மூடி வைத்தாலும், மணலைக் கொட்டினாலும், கம்பளியைப் போர்த்தினாலும் பற்றிய மருந்து எரிந்தே தீரும். பொதுவான தீயை அணைக்கப் பழகிய கை இங்கு ஏமாந்து போவதற்கு இதுவே காரணம்.

திறந்த வெளியில் சிதறிக் கிடக்கும் மருந்து பற்றினால், ஒரு நொடியில் பெருஞ்சுடராக எழுந்து அடங்கும். அருகில் இருப்பவரைக் கொடிதாகச் சுடும். அதே மருந்து இறுக மூடிய கலத்தினுள் பற்றுமாயின், தோன்றும் வாயுக்கள் வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகி, கலம் வெடித்துச் சிதறும். துப்பாக்கிக் குழலில் குண்டைச் செலுத்துவதும் இவ்வழுத்தமே; உறுதியான இரும்புப் பெட்டியைக் கொலைக் கருவியாக்குவதும் இவ்வழுத்தமே. எரிந்தபின் மருந்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி வாயுவாகின்றது. எஞ்சியது புகையாகவும் கசடாகவும் நிற்கின்றது. இக்கசடு ஈரத்தை ஈர்த்துக் குழலை அரிக்கும். அன்றியும், அதனுள் கனல் ஒளிந்து நின்று, அடுத்த முறை இடும் மருந்தைப் பற்றவைக்கவும் கூடும்.

ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற்கு மேல் கருமருந்து தானே பற்றிக்கொள்ளும். பீடித் துண்டின் கனலும், அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறியும் இதனினும் மிக்க வெப்பம் உடையவை. இரும்போடு இரும்பு உராய்வதால் எழும் பொறியும், உலர்ந்த நாளில் நைலான் ஆடையில் தோன்றும் நிலைமின்சாரப் பொறியும் ஐயத்திற்குரியவையே.

ஈரமே இடருக்கு வித்தாகும் விந்தை

திருவனந்தபுரத்தின் தட்பவெப்பத்தில் இக்கேள்வி ஒரு தனி உருவம் பெறுகின்றது. சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் இங்கு வருகின்றன. கடற்காற்றில் எந்நாளும் ஈரமும் உப்பும் கலந்துள்ளன. ஆதலின் இல்லத்தார் கண்ணுக்குப் புலப்படும் பகை ஈரமேயாகும். நெருப்பு என்னும் பெரும்பகையை அவர் மறப்பதற்கும் அதுவே காரணமாகின்றது.

தூய பொட்டாசியம் நைட்ரேட்டு எளிதில் ஈரத்தை ஈர்ப்பதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைக் கடக்கும்போதுதான் அது நீரை ஈர்த்துக் கரையத் தலைப்படும். விலை மலிவான சோடியம் நைட்ரேட்டு ஏறத்தாழ 75 விழுக்காட்டிலேயே கசிந்துவிடும். இக்கடற்கரையில் அவ்வீரப்பதம் அரியதன்று. தூய்மை குன்றிய உப்பினால் ஆன மருந்து மழைக்காலத்தில் கட்டியாவதன் காரணம் இதுவே.

ஈரமுற்ற மருந்தினுள் வெடியுப்பு கரைந்து இடம் பெயரும். மீண்டும் உலரும்போது மேற்பரப்பில் வெள்ளைப் படிகமாகப் பூக்கும். கலவையின் சீர்மை அழிந்துவிடுவதால், அம்மருந்து எவ்வாறு எரியும் என்று கணிக்க இயலாது. ஒரு கைப்பிடி மந்தமாகப் புகையும். மறு கைப்பிடி எதிர்பாராத விரைவில் எரியும். உலர்த்திவிட்டால் பழைய நிலையை அடையும் என்பது தவறான நம்பிக்கை.

உண்மையான இடர் உலர்த்தும் முயற்சியிலேதான் உள்ளது. மழைக்காலத்தில் நனையக் கூடாத பொருள்களை அடுப்பின் மேலுள்ள பரணில் வைப்பது இப்பகுதி இல்லங்களின் நெடுநாட் பழக்கம். கொப்பரையும் புளியும் விதை நெல்லும் அங்கு நலமாக இருக்கும். அப்பழக்கத்தின் வழியே மருந்துப் பொதியும் அங்கு ஏறிவிடுமானால், அந்த இல்லம் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் இல்லமாகிவிடும். முற்றத்து வெயிலில் தகரத்தின்மேல் பரப்புவதும், அடுப்படியில் வாணலியில் வைத்துச் சூடேற்றுவதும் இதனோடு ஒத்த பிழைகளே. ஈரமுற்ற மருந்து நட்டம் என்று கருதி விட்டுவிடுவோர்க்கு இழப்பு சில ரூபாய். அதனை மீட்க முயல்வோர்க்கு இழப்பு எவ்வளவு என்பதை வரையறுக்க இயலாது.

வெடிப்புரைகள் கற்பிக்கும் பாடம்

கேரளக் கோயில்கள் பலவற்றில் வெடி வழிபாடு நிகழ்கின்றது. இதற்குப் பயன்படும் கதினா என்பது ஒருமுனை அடைபட்ட சிறு இரும்புக் குழல். வாய்வழியே மருந்தை இட்டு அடைத்து, திரியால் தீயூட்டுவர். குண்டு இல்லை என்பதைத் தவிர, அமைப்பில் இது நாட்டுத் துப்பாக்கியின் உடன்பிறப்பே. மருந்து வைக்கும் கொட்டிலை வெடிப்புரை என்றும் கம்பப்புரை என்றும் மலையாளத்தில் வழங்குவர். புரை என்னும் சொல் நாஞ்சில் நாட்டுத் தமிழ் மக்களுக்கும் அறிமுகமானதே.

சபரிமலையில் 1952ஆம் ஆண்டு நிகழ்ந்த வெடி விபத்தில் 68 பேர் மாண்டனர். 2023ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், அம்மலையிலேயே மாளிகைப்புறத்தம்மன் சந்நிதி அருகில் கதினாவில் மருந்து நிறைக்கும் வேளையில் தீப்பற்றி மூன்று தொழிலாளர் தீக்காயமுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. பெருந்திரளான மருந்து அங்கில்லை. நிறைக்கும் செயலே இடருக்குரியது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, 60 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், கொல்லம் மாவட்டத்துப் பரவூரில் புற்றிங்கல் தேவி கோயில் உள்ளது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், மீனபரணி விழாவையொட்டி, விடியற்காலை மூன்றரை மணியளவில் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. அதற்கு மாவட்ட நிர்வாகம் இசைவு அளித்திருக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த வாணம் ஒன்றின் தீ, அருகிலிருந்த கம்பப்புரையைப் பற்றியது. 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். 300க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உறுதியாகக் கட்டப்பட்ட அப்புரையின் கான்கிரீட் துண்டுகள் எறிகணைகளாகப் பறந்து தொலைவில் நின்றோரையும் தாக்கின. மருந்தைக் காப்பதற்கென எழுப்பிய உறுதியான சுவரே மக்களைத் தாக்கும் கருவியாயிற்று. இதன்பின் கேரள உயர் நீதிமன்றம் சூரியன் மறைந்தபின் பேரொலி எழுப்பும் வெடிகளைத் தடை செய்தது.

இதோடு இத்தகைய நிகழ்ச்சிகள் முடிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், திருப்பூணித்துறையில் வண்டியிலிருந்து வெடிப் பொருள்களை இறக்குகையில் வெடிப்பு நேர்ந்து, சுற்றியிருந்த வீடுகள் பல சிதைந்தன. அவ்வாண்டு அக்டோபர் மாத இறுதியில் நீலேசுவரத்துக் கோயிலொன்றில், வெடி கொளுத்தும் இடத்தை ஒட்டியிருந்த அறையில் தீப்பற்றி, 150 பேருக்குமேல் காயமுற்றனர். அவர்களுள் சிலர் பின்னர் மாண்டனர். புற்றிங்கலையும் நீலேசுவரத்தையும் நோக்கினால் பொதுவான பிழை ஒன்று தெரியும்: சேமிக்கும் இடமும் தீ மூட்டும் இடமும் அருகருகே இருந்தன. அடுப்பங்கரையில் மருந்து வைக்கும் இல்லம் இப்பிழையையே சிறிய அளவில் செய்கின்றது.

காப்பின் நெறிகள்

சட்டம் முதலில் நினைவிலிருக்க வேண்டியது. துப்பாக்கியும் அதற்குரிய மருந்தும் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்திற்கும், வெடிபொருள் 1884ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்திற்கும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டவை. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருட் காப்பு நிறுவனம் வெடிபொருள் விதிகளைச் செயற்படுத்துகின்றது. உரிமத்தில் குறித்த அளவே மேல் எல்லை. அதனினும் குறைவாக வைத்திருத்தல் அறிவுடைமை. ஒரு பருவத்திற்கு வேண்டியதை மட்டும் உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கி, எஞ்சாதவாறு பார்த்துக்கொள்வதே சிறந்த காப்பு. வீட்டில் மருந்து அரைப்பதும் கலப்பதும் குற்றமாவதோடு, உயிருக்கு இறுதியாகவும் முடியும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்விலும் வெடிக்கும் இயல்புடையது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது.

கலத்தைப் பற்றி அடுத்துக் கூறவேண்டும். மருந்து வந்த மூலக் கலத்திலேயே, பெயர்ச் சீட்டு அழியாமல் வைத்தல் வேண்டும். கண்ணாடிப் புட்டி, தடித்த இரும்புக் குழாய், திருகு மூடியுள்ள கனத்த பெட்டி ஆகியவை ஆகா. எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, மளிகைப் பொருள்களிடையே வைப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை. எள் என்றோ கடுகு என்றோ கருதி யாரேனும் திறந்துவிடக்கூடும். மூலக் கலத்தை ஓர் அங்குல கனமுள்ள பலகையாலான மரப்பெட்டியில் வைப்பது நன்று. அமெரிக்க நாட்டுத் தீத்தடுப்புக் கழக விதிகளும் இத்தகைய மரப்பெட்டியை ஏற்கின்றன. மரம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வெளியே சிறு தீ நேர்ந்தால் உள்ளிருக்கும் பொருள் சூடேறச் சிறிது நேரமாகும். அதற்குள் வீட்டார் வெளியேறலாம். உள்ளே அழுத்தம் எழுந்தால் மூட்டுகள் எளிதில் விலகுமாதலின், இரும்பைப் போல் அழுத்தத்தைத் தேக்கி வைத்துச் சிதறாது. கடற்காற்றில் இரும்பு ஆணி துருவேறும். துருத்துகள் மருந்தில் கலந்தால் உராய்வு மிகும். ஆதலின், உட்புறம் ஆணித்தலை தெரியாத பெட்டியே ஏற்றது.

இடம் உலர்ந்ததாகவும் குளிர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். சமையலறை, பூசை விளக்கு எரியும் இடம், மின்சார மீட்டர் பொருத்திய சுவர், ஓட்டின் கீழ் வெயில் தாக்கும் பரண், மாடிப்படியின் அடிப்பகுதி ஆகியவற்றை விலக்குக. தீ நேர்ந்தால் வீட்டார் ஓட வேண்டிய வழியில் மருந்து குறுக்கிடலாகாது. மண்ணெண்ணெய், சமையல் வாயு உருளை, நெல் உமி, வைக்கோல் ஆகியவை அண்மையில் இருத்தலாகாது. தரையில் ஈரம் கசியுமாதலின் பெட்டியை ஒரு மணைமேல் வைத்தல் வேண்டும். பெட்டிக்குப் பூட்டும், பூட்டுக்கு ஒரே திறவுகோலும், அத்திறவுகோலுக்கு உரிமத்தாரின் கையும் என்பது நெறி.

துணைப் பொருள்களைப் பிரித்து வைத்தல் இன்றியமையாதது. துப்பாக்கியின் கேப்பு எனப்படும் சிறு உலோகக் கிண்ணத்தில், அடித்தாலே வெடிக்கும் மருந்து மிகச் சிறிதளவு உள்ளது. கருமருந்தைப் பற்றவைப்பதே அதன் தொழில். இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பது, திரியையும் விளக்கையும் சேர்த்து வைப்பதை ஒக்கும். கேப்புகள் அவற்றின் மூலப் பெட்டியில், வேறோர் அறையில் இருத்தல் வேண்டும். ஈயக் குண்டும் இரவையும் வெடிப்பவை அல்ல. ஆயினும் ஈயம் நஞ்சாதலால், குழந்தைகள் கைக்கும் உணவுக் கலங்களுக்கும் எட்டாது வைத்தல் வேண்டும். துப்பாக்கியை மருந்திட்ட நிலையில் வீட்டில் வைப்பது எக்காரணத்தாலும் தகாது. தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்து வேறு இனத்தது. அதனை எடுத்து நாட்டுத் துப்பாக்கியில் இடுவோர், தாங்கவொண்ணா அழுத்தத்தால் குழல் பிளந்து கையையும் கண்ணையும் இழப்பர்.

கையாளும்போது பகல் வெளிச்சமே விளக்காக இருக்கட்டும். புகை பிடித்தல், செல்பேசியைக் கையிலேந்திப் பேசுதல், சிறுவரை அருகில் வைத்துக்கொள்ளல் ஆகியவற்றை விலக்குக. செல்பேசி கவனத்தைக் கலைப்பதோடு சூடேறும் மின்கலத்தையும் தன்னுள் கொண்டது. அளக்கும் கருவி செம்பு அல்லது பித்தளையாலானதாகவும், இடிக்கும் கோல் மரத்தாலானதாகவும் இருத்தல் நலம். பருத்தி ஆடையே ஏற்றது. வேண்டிய சிறு அளவை எடுத்தவுடன் பெட்டியை மூடி அப்பால் வைத்தபின்னரே அடுத்த செயலைத் தொடங்குக. பயணத்தின்போதும் நெறி உண்டு: இரயிலில் வெடிபொருளைக் கொண்டு செல்வது 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டப்படி குற்றம்; கூட்டம் மிக்க பேருந்தில் கொண்டு செல்வதும் அதற்கிணையான பொறுப்பின்மையே.

பழைய மருந்தும் தீயும்

பாட்டனார் காலத்து மருந்து என்று பெட்டியின் அடியில் ஏதேனும் கிடைக்கலாம். அதனைக் கிளறுதல், முகர்தல், எரித்துச் சோதித்தல், கிணற்றிலோ ஓடையிலோ எறிதல் ஆகியவை கூடா. இருந்த இடத்திலேயே விட்டு, வீட்டாரை அகற்றி, காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதே முறை. உரிமமுள்ளவர் இறந்துபோன இல்லங்களில் இக்கடமை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. துயரத்தில் இருக்கும் குடும்பத்தார்க்கு இதனைக் கனிவுடன் நினைவூட்டுவது ஊர் அலுவலரின் தொண்டாகும்.

வீட்டில் வேறிடத்தில் சிறு தீ தோன்றினால், மருந்துப் பெட்டி இருக்கும் பக்கம் அது பரவுமுன் நீர்கொண்டு அணைக்க முயலலாம். மருந்தைத் தீ நெருங்கிவிட்டால் அணைக்கும் எண்ணத்தையே கைவிடுதல் வேண்டும். எல்லோரும் விலகிச் சென்று, திறந்த வெளியில் நில்லாது, உறுதியான மறைவின்பின் இருக்க வேண்டும். தீயணைப்புப் படையினரை அழைக்கும்போது, உள்ளே வெடிமருந்து உள்ளது என்பதை முதற்சொல்லாகக் கூறுக. உரிமம் பற்றிய அச்சத்தால் இதனை மறைப்பவர், தம்மைக் காக்க வரும் வீரர்களைச் சாவுக்கு அழைப்பவராவர். தீக்காயமுற்றவர்க்குக் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்றி, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். எண்ணெய், மை, பற்பசை முதலியன பூசலாகா.

ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும்

வகுப்பறையில் கருமருந்தைக் கலந்து காட்டும் சோதனையை எவ்வடிவிலும் செய்தலாகாது. அதன் அறிவியலை வேறு வழிகளால் தெளிவாக்கலாம். குவளைக்குள் அணையும் மெழுகுவர்த்தி காற்றின் தேவையைக் காட்டும். மருந்து காற்றை வேண்டாமை ஏன் என்ற கேள்வி அங்கிருந்தே பிறக்கும். ஒரு தட்டில் கல்லுப்பை எடை பார்த்து வைத்து, மழை நாளில் மீண்டும் எடை பார்த்தால், உப்பு ஈரத்தை ஈர்ப்பது புலப்படும். ஈரமணலில் ஓர் இரும்பு ஆணியும் ஒரு செப்புக் கம்பியும் வைத்து ஒரு வாரம் கழித்துக் காண்பது, கலங்களைத் தேர்வு செய்யும் அறிவைத் தரும். விழா முடிந்த திடலில் கிடக்கும் வெடிக்காத வாணங்களைப் பொறுக்கி மருந்தைச் சேர்க்கும் பழக்கம் சிறுவரிடையே உண்டு. திருவிழாவிற்கு மறுநாள் முதல் வகுப்பில் இதனை எடுத்துரைக்கும் ஆசிரியர், பாடப்புத்தகத்தில் இல்லாத பெரும்பாடம் ஒன்றைக் கற்பித்தவராவார்.

ஊர்ப்புற அலுவலர், உரிமமுள்ள இல்லத்திற்குச் செல்லுங்கால் நான்கு கேள்விகளை மனத்திற் கொள்ளலாம். மருந்து எங்கே உள்ளது? அதற்கும் அடுப்புக்கும் இடையே எவ்வளவு தொலைவு? கேப்பு எங்கே? திறவுகோல் யாரிடம்? இவற்றைக் குற்றம் தேடும் குரலில் கேட்டால், பெட்டி மேலும் இருண்ட மூலைக்குப் போய் மறையும். பயிரைக் காக்க விழித்திருக்கும் உழவரிடம், அவர் குடும்பத்தைக் காக்கும் வழி இது என்னும் பரிவோடு கேட்டல் வேண்டும். இந்த மழைக்காலத்தில் அடுப்பின் மேற்பரணிலிருந்து ஒரு மருந்துப் பொதி இறக்கப்படுமாயினும், அந்த வருகை பயனுடையதே.